‘கீரா’ சொல்லும்வரை உட்காரலாம்

மலாக்கா சாப்பாட்டுக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘கீரா’. எண்ணு, கணக்குப் போடு என்று பொருள்படும் மலாய்ச் சொல். சாப்பிட்டு முடித்து, பேசியும் முடித்து, இனி எழுந்திருக்கலாம் என்று மனம் வந்த பிறகு, கையைத் தூக்கி ‘அண்ணே, கீரா!’ என்று குரல் கொடுக்க வேண்டும். பணியாளர் மேசையருகே வருவார். காலித் தட்டுகளையும் கிளாஸ்களையும் ஒரு பார்வை பார்ப்பார். ‘ரொட்டி ரெண்டு, தே தாரேக் மூணு, மீ கோரேங் ஒண்ணு’ என்று வாய்க்குள் கூட்டி, துண்டுச் சீட்டில் ஒரு தொகையைக் கிறுக்கி வைத்துவிட்டுப் போவார். அந்தச் சொல்லை வாடிக்கையாளர் சொல்லாதவரை சீட்டு மேசைக்கு வராது. ‘வேற என்ன சார் வேணும்?’ என்று கேட்டு, ‘இடத்தைக் காலி பண்ணுங்க’ என்பதை நாசூக்காக உணர்த்தும் பழக்கமும் இங்கே இல்லை. ஒரு தேநீரை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பவரை யாரும் முறைப்பதில்லை. சாவகாசமான உணவகம் என்பதற்கு விளக்கம் தேடினால், மெத்தை நாற்காலியும் மங்கிய விளக்கும் பிறகு வரட்டும். எழுந்திருக்கும் நேரத்தை யார் தீர்மானிக்கிறார் என்பதே முதல் கேள்வி. மலாக்காவில் அந்த உரிமை உட்கார்ந்திருப்பவருடையது.

இத்தகைய கடையைத் தமிழ்நாட்டு வழக்கில் ‘மல்டி குசின்’ என்று சொல்லிவிடத் தோன்றும். உணவுப் பட்டியலைப் பார்த்தால் அது பொருத்தமும்கூட. தோசை, நாசி லெமாக், தொம்யாம், சிக்கன் சோப், பிரியாணி, தந்தூரிக் கோழி எல்லாம் ஒரே பலகையில் இருக்கும். ஆனால் சென்னையிலோ கோவையிலோ மல்டி குசின் என்று பலகை மாட்டிய கடையின் நோக்கம் வேறு. தென்னிந்திய உணவு, வட இந்திய உணவு, சைனீஸ், காண்டினென்டல் என்று அங்கே விற்கப்படுவது தெரிவு. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நூடுல்ஸும் இன்னொருவருக்கு நானும் பிடிக்கும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. மலாக்காவில் உணவுகள் ஒரே கூரையின் கீழ் வந்ததற்கு நாக்கின் ஆசை முதற்காரணமாக இருக்கவில்லை. வெவ்வேறு விலக்குகள் உள்ள மனிதர்கள் ஒரே ஊரில் வேலை செய்தார்கள். ஒரே நேரத்தில் அவர்களுக்குப் பசித்தது. ஒரே மேசையில் உட்கார வேண்டியும் வந்தது. அந்த மேசைக்காகச் சமையலறை விரிந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்தக் கடைகள் மீது வழக்கமாக வைக்கப்படும் புகார்கள் பலவற்றுக்கு விடை கிடைத்துவிடும். சிலவற்றுக்குக் கிடைக்காது, அதையும் பார்க்கலாம்.

முதலில் கடைக்குள் போவோம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையாகட்டும், தமிழ் இந்துக்கள் நடத்தும் வாழை இலை உணவகமாகட்டும், ஓரளவு பெரிய கடை என்றால் உள்ளே நான்கைந்து தனித்தனி முனைகள் இருக்கும். வாசலோரம் ரொட்டிக் கல். எண்ணெயில் ஊறி மினுமினுக்கும் மைதா உருண்டைகள் தட்டில் வரிசையாக இருக்கும். ஒன்றை எடுத்து உள்ளங்கையால் தட்டி, விளிம்பைப் பிடித்து வீசினால் மறுபுறம் தெரியும் அளவுக்கு மெலிந்துவிடும்; அதை நான்காக மடித்துக் கல்லில் போடுவார்கள். வெந்து வந்ததும் இரண்டு கைகளாலும் ஓங்கி ஓர் அடி. அந்த அடியில்தான் அடுக்குகள் பிரியும். ரொட்டி சானாய் நம் ஊர் பரோட்டாவுக்கு உறவு, ஆனால் இரட்டைப் பிறவி அன்று. பரோட்டா சுருளும், இது மடியும். பக்கத்தில் தண்ணி, அதாவது பானங்கள், கலக்கும் இடம். துணி வடிகட்டியில் கறுத்து இறங்கிய தேநீரில் கெட்டிப் பாலைச் சேர்த்து, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குக் கை நீளத்துக்கு இழுத்து ஆற்றுவார்கள். ‘தாரேக்’ என்றால் இழுத்தல். பசும்பால் எளிதில் கிடைக்காத வெப்ப நாட்டில் டின் பால் நிரந்தரமாகிவிட்டது. இழுத்து ஆற்றுவதில் சூடு தணிந்து நுரையும் கட்டும். உள்ளே ஒரு வாணலிக்காரர், சோறும் குழம்பும் பரிமாறும் ஒரு முனை, சில கடைகளில் தந்தூரி அடுப்பு, இன்னும் சிலவற்றில் தொம்யாம் என்ற தாய்லாந்து சூப்புக்கென்று தனி ஆள்.

வாணலிக்காரர் போடும் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸை மட்டும் சற்று உற்றுப் பார்க்கலாம். மஞ்சள் மீ சீனருடையது. முளைப்பயறான தௌகேயும் சோயாக் கட்டியான தவ்ஹூவும் அவர்கள் கொண்டு வந்தவையே. அரைத்த மிளகாயை வதக்கும் முறை மலாய்க்காரர்களின் சம்பாலைச் சார்ந்தது. வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளும் பருப்பு வடைத் துண்டுகளும் தமிழ்க் கைவரிசை. தக்காளிச் சாஸ் பிரிட்டிஷார் காலத்தில் போத்தலில் வந்தது. இறக்கும்போது ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை. இதைச் சீனாவிலும் காண முடியாது, இராமநாதபுரத்திலும் காண முடியாது. இதைச் சமைப்பவர் தமிழர், பெயர் மலாய், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் யாராகவும் இருக்கலாம். மூன்று இனத்தாரும் சாப்பிடும்படியாக எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று பல தலைமுறை வாணலிக்காரர்கள் போட்டுப் பார்த்த கணக்கின் விடை அந்தத் தட்டு. பன்றிக் கொழுப்பு இல்லாததால் முஸ்லிம் சாப்பிடுவார். மாட்டிறைச்சி இல்லாததால் இந்து சாப்பிடுவார். மீ தன்னுடையது என்பதால் சீனருக்கு அந்நியமாக இராது.

‘எல்லாம் செய்கிறவனுக்கு ஒன்றும் உருப்படியாக வராது’ என்பது மல்டி குசின் கடைகள் மீது உள்ள பழைய குற்றச்சாட்டு. ஒரே மாஸ்டர், ஒரே மசாலாவை வைத்துக்கொண்டு நான்கு நாட்டுப் பெயர்களைச் சூட்டும் கடைகளுக்கு அது பொருந்தும். மலாக்காக் கடையில் முனைகள் பிரிந்திருப்பதால் கைகளும் பிரிந்திருக்கின்றன. ரொட்டி போடுபவர் தேநீர் கலக்குவதில்லை. தொம்யாம் ஆள் ரொட்டிக் கல்லைத் தொடுவதில்லை. வெளித்தோற்றத்தில் ஒரு கடை. உள்ளே நான்கைந்து ஒட்டுக்கடைகள் ஒரே கூரையைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. இன்னொரு குற்றச்சாட்டு அசல் தன்மை பற்றியது. அசல் எது என்று தேடிப் போனால் கதை வேடிக்கையாகிவிடும். சிக்கன் 65 சென்னை புகாரி உணவகத்தில் 1965இல் பட்டியலேறிய பண்டம். சிக்கன் மஞ்சூரியனை 1975இல் மும்பையில் நெல்சன் வாங் உருவாக்கினார் என்பார்கள். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மலேசியாவில் மேற்கத்திய உணவு என்று பெயர்பெற்ற சிக்கன் சோப்பும் அப்படித்தான். பிரிட்டிஷ் வீடுகளிலும் மன்றங்களிலும் சமையல் வேலை பார்த்த ஹைனான் தீவுச் சீனர்கள் பின்னர் சொந்தமாகக் காப்பிக்கடை வைத்தபோது தங்கள் போக்கில் மாற்றிக்கொண்ட பண்டம் அது. பிறந்த ஊரை மட்டும் கேட்டு உணவை எடைபோட்டால் நம் சாம்பாரிலிருந்து மிளகாயையும் தக்காளியையும் எடுத்துவிட வேண்டியிருக்கும்.

கலந்து உண்ணும் பழக்கத்தை மலாக்கா சுற்றுலாத் துறையிடம் கற்கவில்லை. 1400ஐ ஒட்டிப் பரமேசுவரன் நிறுவியதாகக் கருதப்படும் இத்துறைமுகத்தை 1511இல் போர்த்துகீசியர் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே அங்கு வந்து சேர்ந்த தோமே பிரேஸ் என்ற மருந்து வணிகர், இந்த ஊரில் 84 மொழிகள் பேசப்படுவதாக எழுதி வைத்தார். எண்ணிக்கையில் கொஞ்சம் கை தாராளமாக இருந்திருக்கலாம். ஆனால் சுல்தான்கள் காலத்தில் துறைமுகத்துக்கு நான்கு ஷாபந்தர்கள் (துறைமுக அதிகாரிகள்) இருந்ததையும், குஜராத்தியருக்கென்றே ஒருவர், தமிழகம் முதலிய கரைகளிலிருந்து வந்தோருக்கு ஒருவர் என்று அவர்கள் பிரிக்கப்பட்டிருந்ததையும் பார்த்தால் கூட்டத்தின் தன்மை புரியும். பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் தங்கியவர்கள் தத்தம் விலக்குகளோடுதான் சாப்பிட்டிருக்க வேண்டும். இன்றும் துக்காங் எமாஸ் தெருவில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும், 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளி 17ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங்கும் நடக்கும் தூரத்துக்குள் இருக்கின்றன. ஒரே நாளில் மூன்று இடத்திலும் வழிபாடு முடிந்தால், மூன்று கூட்டமும் பசியோடு அதே தெருவில்தான் இறங்க வேண்டும்.

இந்தக் கலப்பு எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதற்குக் காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியே சாட்சி. துறைமுகக் காலத்துத் தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் உருவான வழியினர் மலாக்கா செட்டிகள். வீட்டு மொழி மலாய், சமயம் சைவம். பொய்யாத விநாயகர் கோயில் நிலத்தை டச்சுக்காரர்களிடமிருந்து பெற்ற தைவநாயகம் செட்டி இவர்களுடைய தலைவர். பொங்கலுக்கு முந்திய போகியன்று முன்னோருக்கு ‘பாராச்சு’ படைக்கிறார்கள். வாழை இலை விரித்து, விளக்கேற்றி, இறந்தவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். இலையும் விளக்கும் நாளும் தமிழ். இலையில் விழுவது பெரும்பாலும் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக்கும் சம்பாலும், கூடவே மலாய்ப் பலகாரங்களும். காவிரிக் கரையிலிருந்தோ கோரமண்டலக் கரையில் வேறெங்கிருந்தோ கப்பலேறிய மூதாதைக்கு இப்படியொரு படையல் விளங்குமா என்று கேட்கலாம். பேரப் பிள்ளைகள் எதைச் சாப்பிட்டு வளர்ந்தார்களோ அதையே பாட்டனுக்கும் வைக்கிறார்கள். கலப்பு உணவு வெறும் கடைத்தெரு வியாபாரம் என்பவர்கள் இந்த இலையை ஒருமுறை பார்க்க வேண்டும். படையலில் யாரும் வியாபாரம் செய்வதில்லை.

தோட்டத்துத் தமிழர்களின் கதை இதிலிருந்து மாறுபட்டது. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவில் வணிக நோக்கிலான ரப்பர்த் தோட்டத்தின் தொடக்கம் இதுவே. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருக, கங்காணிகள் வழியே தமிழர்கள் வந்தார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு வெளிக்காடு, பால்மரம் வெட்டு. தூக்கில் கொண்டுபோன சோற்றையோ ரொட்டியையோ மரத்தடியில் குந்திச் சாப்பிடுவதற்குப் பெயர் பசியாறுவது. மலேசியத் தமிழில் காலையுணவுக்கு இன்றும் ‘பசியாறை’ என்றே சொல்கிறார்கள். ‘டிபன்’ என்ற சொல்லுக்குத் தமிழ்நாடு பழகிய காலத்தில், இங்கே இந்த அழகான சொல் தோட்டத்திலிருந்து பட்டணம்வரை ஏறி வந்திருக்கிறது. ஆனால் தோட்டத்துக்குள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் இடம் என்று எதுவும் இருக்கவில்லை. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டின் அடுப்படி, கோயில் திருவிழாப் பந்தி, மாலையில் கள்ளுக்கடை, அவ்வளவுதான். கள்ளுக்கடை ஆண்களின் இடம். கூலியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. கெடாவில் 1940களின் பிற்பகுதியில் தோட்டத் தொழிலாளரின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்ததற்கு இதுவே காரணம். சம்பள நாளில் டவுனுக்குப் போய்க் காப்பிக்கடையில் ஒரு பிளேட் மீ சாப்பிடுவதே பலருக்கு மாதத்தில் ஒருமுறை கிடைத்த வெளிச்சாப்பாடு.

அந்த உலகம் கலைந்தது. 1950களிலிருந்தே ஐரோப்பியரின் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பின்னர் ரப்பர் இடத்துக்குச் செம்பனை வந்தது, செம்பனை இடத்துக்கு வீடமைப்புத் திட்டம் வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வந்தார்கள். 1970களில் பத்து பெரெண்டாமில் சுதந்திர வாணிப வட்டாரம் தோன்ற, மின்னணுத் தொழிற்சாலைப் பேருந்துகள் தோட்டத்து வாசல்வரை வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிச் சென்றன. குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் வரிசை வீடுகளுக்கு மாறின. வீட்டோடு லயமும் போனது. கோயில் முன்றிலும் பந்துத் திடலும் போயின. சொல்லாமல் கொள்ளாமல் போய் உட்கார்ந்து நாலு பேரைப் பார்க்கும் இடம் இல்லாமலானது. அந்தக் காலியிடத்தில் வந்து நின்றது தெருவோரத்துச் சாப்பாட்டுக் கடைதான் என்பது என் துணிபு. மூன்று ஷிப்ட் வேலை நடக்கும் ஊரில் இரவு பதினொன்றுக்கு வேலை முடித்து வருபவருக்குத் திறந்திருந்த கடை அது ஒன்றே. கள்ளுக்கடைக்கு எட்டிப் பார்க்கவும் முடியாதிருந்த பெண்கள் கணவரோடும் பிள்ளைகளோடும், பிறகு தோழிகளோடும் வந்து உட்கார்ந்தது இங்கேதான். மது இல்லாத கடை என்பது மத விதியால் வந்த ஒன்று. அதன் பயனைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் அனுபவித்தார்கள் என்பதை நம் வரலாற்று எழுத்தில் யாரும் அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை.

எதைச் சமைக்கக் கூடாது என்ற கேள்விதான் இந்தக் கடைகளின் அஸ்திவாரம். பன்றி இறைச்சியும் மதுவும் இருந்தால் முஸ்லிம் வர மாட்டார். முஸ்லிம் வராத கடைக்கு மலாக்காவில் மக்களில் பெரும்பகுதி வராது. மாட்டிறைச்சி இருந்தால் இந்துத் தமிழர் தயங்குவார். மகாயான பௌத்தச் சீனர்களிலும் மாட்டிறைச்சி தொடாதவர்கள் உண்டு. ஆகவே தமிழ் இந்துக்களின் வாழை இலை உணவகங்கள் பெரும்பாலும் இரண்டையும் தவிர்த்துக் கோழி, ஆடு, மீன், நண்டு என்று நின்றுகொள்கின்றன. மாமாக் கடைகளில் மாட்டிறைச்சிக் குழம்பு இருக்கும்; அங்கே போகும் இந்துக்களில் பலர் ரொட்டி, பருப்பு, தேநீர், முட்டை என்ற வட்டத்துக்குள் இருப்பார்கள், சிலர் அதே கரண்டி இதிலும் அதிலும் போகுமோ என்று கண்ணை வைத்திருப்பார்கள். சீனக் காப்பிக்கடைகளில் பன்றி இறைச்சி உண்டு. அங்கே முஸ்லிம் இல்லாத நண்பர்கள் மட்டும் கூடுவார்கள். ஆக, எல்லாருக்குமான மேசை என்று ஒன்று முழுமையாக எங்கும் இல்லை. இருப்பது ஒரு கணக்கு: இன்றைக்கு யாரெல்லாம் வருகிறார்கள், அவர்கள் அத்தனை பேரும் எந்தக் கடையில் உட்கார முடியும்? அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் ஆறு பேர் இந்தக் கணக்கை அரை நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சைவம் இருக்கும் தமிழ்ப் பெண் கூட வந்தால் விடை மாறும். அதையும் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்தால் மட்டும் ஒற்றுமை வந்துவிடுமா என்பது நியாயமான மறுப்பு. மாலை நேரத்தில் இப்படிப்பட்ட கடையை நோட்டம் விட்டால், இந்த மேசையில் நான்கு தமிழ் இளைஞர்கள், அந்த மேசையில் ஒரு மலாய்க் குடும்பம், தூண் ஓரம் இரண்டு சீன முதியவர்கள் என்று பிரிந்திருப்பதே அதிகம் தெரியும். காற்பந்து ஆட்டத்தைப் பெரிய திரையில் காட்டும் இரவுகளில் கூச்சல் ஒன்றாக எழும். ஆட்டம் முடிந்ததும் அவரவர் மேசை. அரசியல் கசப்புகளும் பள்ளிப் பிரிவினைகளும் ஒரு ரொட்டியில் கரைவதில்லை, கரையும் என்று சொல்பவர்கள் விளம்பரம் எழுதுகிறார்கள். இந்தக் கடை நட்பை உண்டாக்குகிறது என்று நான் வாதிடவில்லை. அடுத்தவரின் விலக்கு என்ன என்ற அறிவை உண்டாக்குகிறது என்பதே வாதம். பன்றி இறைச்சிப் பொட்டலத்தோடு மாமாக் கடைக்குள் வரக்கூடாது என்று சீனப் பிள்ளைக்குப் பத்து வயதில் தெரியும். மாட்டிறைச்சியை நண்பன் தட்டில் வைக்கக்கூடாது என்று மலாய்ப் பிள்ளைக்குத் தெரியும். ரமலான் பகலில் எந்தக் கடையில் எப்படி உட்காருவது என்று தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியும். பாடப்புத்தகம் இதைச் சொல்லித் தரும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் தானாக ஒட்டிக்கொள்கிறது.

தமிழ் போய்விடுகிறதே என்ற கவலையும் உண்டு. ‘தே தாரேக் குராங் மானிஸ், ரொட்டி தெலூர் சத்து’ என்று தமிழரே தமிழரிடம் மலாயில் கேட்கிறார்; மலாக்கா மாநில மக்கள்தொகையில் இந்தியர் சுமார் 6 விழுக்காடுதான் என்னும்போது அந்தக் கவலையைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஆனால் சொற்கள் ஒரு திசையில் மட்டும் ஓடுவதில்லை. மலாய்க்காரரும் சீனரும் பணியாளரைக் கூப்பிடும் ‘ஆனே’ நம் ‘அண்ணே’தான். ‘தோசை’ என்பதை எந்த இனத்தாரும் மொழிபெயர்ப்பதில்லை. மாமாக் என்ற பெயரே நம் ‘மாமா’விலிருந்து போனது என்பர். பினாங்கிலிருந்து பரவிய நாசி கண்டாரில் உள்ள ‘கண்டார்’, ஒரு காலத்தில் சோற்றையும் குழம்பையும் தோளில் காவடிபோல் தூக்கி விற்ற தமிழ் முஸ்லிம்களின் நினைவைச் சுமக்கிறது. சிறுபான்மை மொழி ஒன்று சந்தையில் நிலைக்கும் வழிகளில் உணவுக் கடை வலிமையானது. அது போதாது என்று சொல்லலாம். போதாதுதான், அதற்குத் தமிழ்ப்பள்ளி வேண்டும். ரொட்டிக் கல்லிடம் பள்ளியின் வேலையைக் கேட்கக் கூடாது.

உடல்நலம் பற்றிய புகாருக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; 2023இல் அது 15.6 விழுக்காடு. இந்தியரிடையே நோய் கூடுதல் என்பது ஊரறிந்தது. அதே 2019 ஜூலையில் அரசு சர்க்கரைப் பானங்களுக்கு வரி விதித்தது. ஆனால் வரி அடைத்து விற்பவற்றுக்குத்தான், கடையில் கலக்கித் தரும் தே தாரேக் அதில் வராது. இருபத்துநான்கு மணி நேரக் கடைகளே இருக்கக் கூடாது என்று பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் கேட்டதுண்டு. கடை நேரத்தைக் குறைத்தால் இரவு ஷிப்ட் தொழிலாளி பசியோடு படுப்பான் என்பதைத் தவிர அதற்கு எதிராகச் சொல்ல அதிகமில்லை. கெட்டிப் பாலைக் குறைப்பது மட்டும் வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. ‘குராங் மானிஸ்’ என்றாலே இனிப்பைக் குறை என்றுதான் பொருள், அந்த இரண்டு சொற்களுக்குக் கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை.

சாவகாசத்துக்கு யார் விலை கொடுக்கிறார் என்ற கேள்வி இன்னும் கடினமானது. ஒரு தேநீருக்கு ஒன்றரை மணி நேரம் இடம் தரும் கடை எப்படிப் பிழைக்கிறது? ஒரு பகுதி விடை எளிது. கடைக்கு வெளியே, ஐந்தடி நடைபாதையிலும் அதைத் தாண்டிய கார் நிறுத்துமிடத்திலும் மாலையில் விரியும் பிளாஸ்டிக் மேசைகள் சுவருக்குள் இருக்கும் இடத்தைவிட மலிவு. ரொட்டியில் இலாபம் சொற்பம், தண்ணியில் அதிகம்; உட்கார உட்கார இரண்டாவது கிளாஸ் வரும். மறுபகுதி விடை அடுக்களையில் இருக்கிறது. பாத்திரம் கழுவுபவரும் மேசை துடைப்பவரும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர்கள்; நீண்ட நேர வேலை, கடைக்கு மேல் மாடியிலோ பின்தெருவிலோ தங்குமிடம். இந்திய உணவக உரிமையாளர்களின் பிரிமாஸும் முஸ்லிம் உணவக உரிமையாளர்களின் பிரெஸ்மாவும் ஆள் பற்றாக்குறை பற்றி அரசிடம் முறையிட்டுக்கொண்டே இருக்கின்றன. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை. நூறு ஆண்டுக்கு முன் கங்காணி அழைத்து வந்தவரின் பேரன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, அவர் தாத்தாவின் ஊர்ப் பக்கத்திலிருந்து முகவர் வழியாக வந்த இன்னொருவர் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைக்கிறார். வாடிக்கையாளரின் சாவகாசம் பணியாளருக்குக் கிடைப்பதில்லை. ரொட்டி விலை இருபது காசு ஏறியதும் முகநூலில் கொதிப்பவர்கள் அந்த இருபது காசு எங்கே போகிறது என்று கேட்பது நல்லது. பணியாளர் பைக்குப் போகவில்லை என்றால் அப்போது கொதிக்கலாம்.

2024 டிசம்பரில் பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை மானிடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல இனச் சமுதாயத்தில் உணவருந்தும் அனுபவம் என்பதே அந்தப் பதிவின் தலைப்பு. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவை அதில் முன்னால் நின்றாலும், பதிவேறியது பண்டமன்று, அருந்தும் பழக்கம். 2008இல் ஜார்ஜ் டவுனோடு மலாக்காவின் பழைய நகருக்கு உலக மரபு நகரம் என்ற தகுதி வந்தபோது காக்கப்பட்டவை சுவர்களும் கூரைகளும். யோங்கர் தெருவில் வாரக்கடைசிக் கூட்டம் பெருகி, பழைய வீடுகள் தங்குவிடுதிகளாகி, பல குடிகள் வெளியேறியதை ஊரார் அறிவர். பழக்கத்தைச் சுவர்போல் சுண்ணாம்படித்துக் காக்க முடியாது. சுற்றுலாப் பயணிக்கென்று குளிரூட்டி, விலை ஏற்றி, ‘இரண்டு மணி நேரத்துக்கு மேல் அமர வேண்டாம்’ என்று அட்டை வைத்த கடையிலும் அதே ரொட்டி கிடைக்கும், பட்டியலிலும் அதே பெயர் இருக்கும். ஜாசினிலும் மெர்லிமாவிலும் உள்ள கடைகளை நோக்கி எந்தப் பயணியும் வருவதில்லை. ‘கீரா’வுக்குக் காத்திருக்கும் வழக்கம் அங்கேதான் கெடாமல் இருக்கிறது.

கடை மேசையில் பழகிய கணக்கு இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தீபாவளிக்குத் தாமான் வீடுகளில் நடக்கும் திறந்த இல்ல விருந்தைப் பாருங்கள். முறுக்கும் அதிரசமும் வீட்டுச் சட்டியில் சுட்டவை. அலுவலக மலாய் நண்பர்கள் தயங்காமல் சாப்பிட வேண்டும் என்பதற்காகப் பிரியாணியும் கோழி ரெண்டாங்கும் ஹலால் சான்றிதழ் உள்ள சமையல்காரரிடமிருந்து வந்திருக்கும். மாட்டிறைச்சி வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். மீஹூன் கோரேங் சீனப் பிள்ளைகள் கைக்கு எட்டும் முனையில். காகிதத் தட்டும் பிளாஸ்டிக் கரண்டியும் எல்லாருக்கும் புதியவை, எந்த வீட்டு அடுப்படியிலும் புழங்காதவை. கூடத்தின் மறுகோடியில், சுவரையொட்டி, தனியாக ஒரு சின்ன மேசை. அதில் ஆவிச் சூட்டோடு வந்த இட்லி, சாம்பார், கடலைச் சுண்டல். பக்கத்தில் பாட்டி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார், அந்த மேசைக் கரண்டி அடுத்த மேசைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள.